ஸ்டாக் எஞ்சின் எவ்வளவு தாங்கும்?

"ஸ்டாக் எஞ்சினில் சூப்பர்சார்ஜர் போட்டால் எத்தனை ஹெச்.பி. வரை பயமில்லாமல் போகலாம்?" ஸ்டாக் என்றால் கம்பெனி கொடுத்த உள்பாகங்களை மாற்றாத எஞ்சின், சூப்பர்சார்ஜர் என்றால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிற கருவி. கார்ப் பைத்தியங்கள் கூடுகிற இடத்தில் இந்தக் கேள்வி வந்தால் யாராவது ஒருவர் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். 1999 முதல் 2004 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி என்றால் அந்த எண் 400. சக்கரத்தில் அளந்த 400. கேட்டவரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சூப்பர்சார்ஜரைச் சுழற்றுகிற புல்லியை மாற்றி மாற்றி, சக்தியை அளக்கிற டைனோவில் 398 வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்கவே இல்லை. அந்த 400 எங்கிருந்து வந்தது? பல வருடங்களாகப் பலர் எஞ்சினை உடைத்துப் பார்த்து, சுமாராக இங்கேதான் உடைய ஆரம்பிக்கிறது என்று கண்டுகொண்ட இடம் அது. உடைய ஆரம்பிக்கிற இடத்தைப் போய்ப் பாதுகாப்பான இடம் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதை நான் வெறும் வார்த்தைக்காகச் சொல்லவில்லை, கணக்கோடு சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

நான் இருக்கும் மிச்சிகனில் இந்தத் தலைமுறை மஸ்டாங் செகண்ட் ஹேண்டில் இன்னமும் கைக்கு அடக்கமான விலைக்குக் கிடைக்கிறது. கார் கம்பெனிகளில் வேலைக்கு வருகிற நம் பையன்கள் சிலர் ஆசையாக வாங்குகிறார்கள். 4.6 லிட்டர் வி8, சிலிண்டருக்கு இரண்டு வால்வு, கம்பெனிக் கணக்கில், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கில், 260 ஹெச்.பி., கியர் வழியில் போவது போகச் சக்கரத்தில் அளந்தால் 220, 230. சத்தம் அருமையாக இருக்கும், வேகம் இன்றைய கணக்குக்குச் சுமார். அதனால் அடுத்த யோசனை சூப்பர்சார்ஜர்தான்.

அந்த எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடுகள் உலோகத் தூளை அச்சில் அழுத்தி, சூட்டில் இறுக்கிச் செய்தவை. 260 ஹெச்.பி.க்கு அவை தாராளம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பிஸ்டன்கள் ஹைப்பர்யூடெக்டிக், அதாவது சிலிக்கன் கூடுதலாகக் கலந்த அலுமினிய வார்ப்பு. சூட்டில் அதிகம் விரியாது, தேய்மானம் குறைவு. ஆனால் விறைப்பான பொருள், அடி விழுந்தால் வளைந்துகொடுக்காமல் விண்டுபோகும். கிராங்க் ஷாஃப்ட்டைப் பற்றி இங்கே கவலை வேண்டாம், அது கடைசியில்தான் பிரச்சினைக்கு வரும்.

இதே 4.6 குடும்பத்தில் ஃபோர்டு தானே சூப்பர்சார்ஜர் போட்டு விற்ற கார் ஒன்று உண்டு. 2003, 2004 எஸ்.வி.டி. கோப்ரா. ஈட்டன் எம்112 ரூட்ஸ் சூப்பர்சார்ஜர், சுமார் 8 பி.எஸ்.ஐ. பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் சேர்க்கிற அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு), 390 ஹெச்.பி. அதுவும் கிராங்கில், சக்கரத்தில் இல்லை. அந்த 390-க்காக என்ன செய்தார்கள் தெரியுமா? 2001 கோப்ராவில் இருந்த அலுமினிய பிளாக்கை விட்டுவிட்டு வார்ப்பிரும்பு பிளாக் போட்டார்கள். மேன்லி கம்பெனியின் ஃபோர்ஜ்டு, அதாவது அடித்து உருவாக்கிய, ஹெச்-பீம் ராடு போட்டார்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டார்கள். கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரில் கலவையைச் சுருக்கும் விகிதத்தை, 8.5-க்கு இறக்கினார்கள். அழுத்தியதில் சூடான காற்றைக் குளிரவைக்க, தண்ணீரில் ஓடும் இன்டர்கூலர் வைத்தார்கள். இத்தனையும் செய்த பிறகுதான் வாரண்டி கொடுத்து வெளியே விட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸும் தன் 3.8 லிட்டர் வி6-க்கு சூப்பர்சார்ஜர் வைத்தபோது கம்ப்ரஷனை 9.4-லிருந்து 8.5-க்கு இறக்கித்தான் 240 ஹெச்.பி. எடுத்தது. நாமோ சாதா ராடையும் சாதா பிஸ்டனையும் அப்படியே வைத்துக்கொண்டு, கோப்ராவைவிட அதிக எண்ணை எட்டிவிட்டு அதைப் பாதுகாப்பு என்கிறோம்.

சரி, அப்புறம் ஹெச்.பி. என்ற அளவே இந்தக் கேள்விக்குப் பொருத்தமானதா என்று பார்க்கலாம். ராடுக்கு ஹெச்.பி. என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டே விசை. சிலிண்டரில் எரியும்போது பிஸ்டனை மேலிருந்து அழுத்துகிற விசை ஒன்று. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது ராடைப் பிடித்து இழுக்கிற விசை இன்னொன்று. முதலாவது டார்க்கோடு, அதாவது எஞ்சினின் சுழற்று விசையோடு, ஏறும். இரண்டாவது ஆர்.பி.எம்.மோடு ஏறும்.

இரண்டு கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் டைனோவில் 400 ஹெச்.பி. காட்டுகின்றன. ஒன்றில் வோர்டெக் மாதிரி சென்ட்ரிஃப்யூகல் சூப்பர்சார்ஜர். அதில் பூஸ்ட் மெதுவாக ஏறி, 6,000 ஆர்.பி.எம்.மில்தான் முழுதாக வரும். டார்க் அதிகபட்சம் 360 பவுண்டு-அடி வரலாம். இன்னொன்றில் கென் பெல், விப்பிள் மாதிரி ட்வின் ஸ்க்ரூ. 3,500 ஆர்.பி.எம்.மிலேயே பூஸ்ட் முழுதாக நிற்கும், டார்க் 430-க்குப் போய்விடும். இருவரும் "என் கார் 400" என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் இரண்டாவது காரின் ராடு கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடுதல் அழுத்தத்தை, அதுவும் மெதுவான சுழற்சியில், அதிக நேரம் தாங்குகிறது. இந்த இரண்டு காருக்கும் ஒரே எண்ணை எல்லையாகச் சொல்லுவது எந்த ஊர் நியாயம்?

அழுத்தம் என்றால் எவ்வளவு? இந்த எஞ்சினின் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 90.2 மில்லிமீட்டர். பிஸ்டன் தலையின் பரப்பு சுமார் 64 சதுர சென்டிமீட்டர். உச்ச அழுத்தம் 70 பார் என்றால் பிஸ்டன் மேல் நான்கரை டன். அதுவே 100 பாருக்குப் போனால் ஆறரை டன். ஒவ்வொரு 10 பாருக்கும் முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கூடிக்கொண்டே போகிறது. ஒரு ராடு இதை 6,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 3,000 தடவை வாங்குகிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் பட்டென்று போகுமே, அந்த மாதிரிதான். முதல் தடவை உடையாதது ஆயிரமாவது தடவையும் உடையாது என்று அர்த்தமில்லை. டைனோவில் மூன்று ஓட்டம் தாங்கிய எஞ்சின் மூன்று கோடைகாலம் தாங்கும் என்றும் அர்த்தமில்லை.

டைனோ காட்டாமல் விடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. டர்போவுக்குப் புகைக் காற்று வேலை செய்கிறது. சூப்பர்சார்ஜரையோ கிராங்க்கே பெல்ட் போட்டு இழுக்கிறது. 8 பி.எஸ்.ஐ.க்கு, இந்த அளவு எஞ்சினில், காற்றை அழுத்த மட்டும் 30 ஹெச்.பி. பக்கம் போகும். பெல்ட், பேரிங் உராய்வைச் சேர்த்தால் இன்னும் கூடும். பூஸ்ட் ஏற ஏற இது வேகமாக ஏறும். இந்தச் சக்தியையும் அதே ராடுகள்தான் உண்டாக்குகின்றன, ஆனால் சக்கரத்துக்கு வருவதில்லை. ஆக, சக்கரத்தில் 400 காட்டும் சூப்பர்சார்ஜ்டு காரின் ராடு, சக்கரத்தில் 400 காட்டும் டர்போ காரின் ராடைவிடக் கூடுதலாக உழைக்கிறது. டர்போக்காரர் சொன்ன எல்லையை வாங்கி நம் காரில் ஒட்டுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

இவ்வளவு சொன்னாலும், நிஜத்தில் எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான் என்பது என் கருத்து. 30 டிகிரியில் உள்ளே போகிற காற்றை 8 பி.எஸ்.ஐ.க்கு ரூட்ஸ் வகையில் அழுத்தினால் 90 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். காற்று மண்டல அழுத்தம் 14.7. அதோடு 8 சேர்ந்தால் 54 சதவீதம் கூடுதல் காற்று என்று நினைப்போம். சூட்டில் விரிந்துவிடுவதால் உண்மையில் உள்ளே போவது 26, 27 சதவீதம்தான் கூடுதல். இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் அது 40 சதவீதத்தைத் தாண்டும். அதே பூஸ்ட், கூடுதல் சக்தி, குறைந்த ஆபத்து. இன்டர்கூலர் இல்லாமல் புல்லியைச் சின்னதாக்கிப் பூஸ்டை ஏற்றுகிறவர் சூட்டைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்.

சூடான கலவை, ஸ்பார்க் போட்டதும் ஒழுங்காக எரிந்து பரவாமல், மூலையில் மிச்சமிருப்பது தானாகவே வெடிக்கும். அதுதான் நாக்கிங். அந்த ஒரு கணத்தில் சிலிண்டர் அழுத்தம் கண்டபடி எகிறும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வார்ப்புப் பிஸ்டனில் முதல் ரிங்குக்குக் கீழே இருக்கிற மெல்லிய வரப்பு விண்டுவிடும். தெரிந்தவர் ஒருவரின் ஷெட்டில் அப்படிப் போன எஞ்சினைப் பிரித்தபோது கூட நின்றேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகள், நடுவே ஊசிமுனை அளவுக்கு மினுமினுப்பான அலுமினியப் பொட்டுகள். அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்தது. ராடு நேராகத்தான் இருப்பதாகத் தோன்றியது, பக்கத்தில் வேறொரு ராடை வைத்த பிறகுதான் லேசான வளைவு தெரிந்தது. அந்தக் காரின் டைனோ எண் 370-ஐத் தாண்டவில்லை. "400-க்குக் கீழேதானே இருந்தேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் டியூன் செய்து கொடுத்த கடையில் 93 ஆக்டேன் (நாக்கிங்கைத் தடுக்கும் திறனின் அளவு) பெட்ரோலுக்கு ஏற்ப இக்னிஷன் நேரத்தை வைத்திருந்தார்கள், இவர் பயணத்தில் 91 போட்டுக்கொண்டு, நடுக்கோடை வெயிலில், மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். 93-ல் தாங்கிய 370, 91-ல் தாங்கவில்லை.

கலிஃபோர்னியாவில் பங்க்குகளில் கிடைக்கும் பிரீமியமே பொதுவாக 91தான். கிழக்குப் பக்க மாநிலங்களில் 93 சுலபமாகக் கிடைக்கும். ஆகவே அங்கே இருப்பவரின் எல்லையும் இங்கே இருப்பவரின் எல்லையும் ஒன்றாக இருக்க முடியாது. டைனோவிலும் வித்தியாசம் உண்டு. டைனோஜெட் என்ற கம்பெனியின் டைனோவில் 400 காட்டும் கார், லோடு வைத்து அளக்கிற டைனோவில் 360, 370 காட்டுவது சகஜம். எந்த டைனோ, என்ன பெட்ரோல், எத்தனை டிகிரி வெயில் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லுகிறவரின் பேச்சை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பெட்ரோல் போய்ச்சேருகிறதா என்பது அடுத்தது. கிராங்கில் 450 ஹெச்.பி. வேண்டுமென்றால், பூஸ்ட் எஞ்சினுக்கு ஒரு ஹெச்.பி.க்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 270 பவுண்டு. எட்டு சிலிண்டர் என்பதால் எட்டால் வகுத்தால், பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஓர் இன்ஜெக்டருக்கு 34. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பதால் 42 பவுண்டு இன்ஜெக்டர் வேண்டும். கம்பெனி கொடுத்தது இதில் கிட்டத்தட்ட பாதிதான். ஃப்யூல் பம்ப்பும் அப்படித்தான். பம்ப் திணறினால் மேல் ஆர்.பி.எம்.மில் கலவை மெலிந்துபோகும். காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டுகிற, 11.5-ல் நிற்க வேண்டிய வைட்பேண்ட் மீட்டர் 12.5, 13 என்று ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். வைட்பேண்டே இல்லாமல் பூஸ்டில் ஓட்டுகிறவர்களுக்கு நான் எந்த எண்ணும் சொல்லத் தயாரில்லை.

இரண்டாவது விசையை மறந்துவிடவில்லை. இழுவை விசை ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தோடு ஏறும். ரெவ் லிமிட்டை 6,000-லிருந்து 6,600-க்கு ஏற்றினால் வேகம் 10 சதவீதம்தான் கூடுகிறது, ராடும் ராடு போல்ட்டும் தாங்க வேண்டிய இழுவை 21 சதவீதம் கூடுகிறது. சென்ட்ரிஃப்யூகல் வைத்திருப்பவர்களுக்கு இதில்தான் சபலம். மேலே போகப் போகப் பூஸ்ட் வந்துகொண்டே இருப்பதால் லிமிட்டை ஏற்றத் தோன்றும். தயவுசெய்து தொடாதீர்கள்.

"என் நண்பன் 450-ல் நாலு வருஷமாக ஓட்டுகிறான்" என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். ஓட்டுவார். நல்ல டியூன், குளிர்ந்த ஊர், வாரம் ஒரு தடவை பத்து விநாடி முழு மிதி என்றால் ஓடும். உடைந்தவர்கள் காரை விற்றுவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார்கள், ஓடுகிறவர்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் எண் எப்போதும் மேலே மேலே போகிறது.

புதிய கார்களில் கதை வேறு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2018 முதல் 2023 வரை வந்த 5.0 மஸ்டாங் ஜிடியில் கம்ப்ரஷன் 12, ஸ்டாக்கில் 460 ஹெச்.பி. அதற்கு ஃபோர்டு பர்ஃபார்மன்ஸே ரௌஷ் சூப்பர்சார்ஜர் கிட் விற்றது. 700 ஹெச்.பி., முறைப்படி மாட்டினால் வாரண்டியும் உண்டு. நேரடி இன்ஜெக்ஷன், நுணுக்கமான வால்வு டைமிங், நாக்கிங்கை நொடிக்குள் பிடிக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து அதைச் சாத்தியமாக்கின. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு 2002 காருக்கு மனக்கணக்குப் போடக்கூடாது.

சரி, கேட்டால் நான் என்ன சொல்லுவேன்? இரண்டு வால்வு 4.6-க்கு, கம்பெனி பிஸ்டன், கம்பெனி ராடு, இன்டர்கூலரோடு சென்ட்ரிஃப்யூகல், 93 பெட்ரோல், கெட்டிக்காரர் கையால் டியூன், 6,000-க்கு மேல் போகாத ரெவ் லிமிட் என்றால், டைனோஜெட்டில் 370-ல் நிற்பேன். ட்வின் ஸ்க்ரூ, ரூட்ஸ் என்றால் ஹெச்.பி.யைப் பார்க்கவே மாட்டேன், சக்கரத்தில் டார்க் 360 பவுண்டு-அடியைத் தாண்டாமல் புல்லியைத் தேர்ந்தெடுப்பேன். 91 பெட்ரோல் மட்டுமே கிடைக்கும் ஊர் என்றால் இரண்டிலும் இன்னும் 20, 25 குறைப்பேன். 230-லிருந்து 370 என்பது 60 சதவீதம் கூடுதல். அது சின்ன விஷயமா? சாலையில் அந்தக் கார் அப்போதே வேறு கார் ஆகிவிடும்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் ஃபோர்ஜ்டு ராடும் பிஸ்டனும், பிறகு பூஸ்ட். எஞ்சினை இறக்கப் பணமில்லை, ஆனால் இன்னும் விறுவிறுப்பு வேண்டும் என்கிறவர்கள் பின் ஆக்ஸிலில் இருக்கும் 3.27 கியரை எடுத்துவிட்டு 3.73 போடுங்கள். ராடுக்கு ஒரு கிலோ கூடுதல் அழுத்தம்கூடக் கிடையாது. சின்ன புல்லிக்கு ஆகிற செலவைவிட அதற்குக் கூடத்தான் ஆகும், கழற்றி மாட்ட ஒரு நாள் போகும். போகட்டும்.