ரவைக்கும் குண்டுக்கும் ஒரே குழலா?

கடையம், அம்பாசமுத்திரம் பக்கம் மலையடி வயலுக்கு ராக்காவல் போகிறவர்கள் கேட்கிற கேள்வி இது: "அண்ணாச்சி, பாம்புக்கு ரவை, பன்னிக்குக் குண்டு, ரெண்டும் ஒரே ரிவால்வர்ல போடலாமாமே?"

போடலாம். 2006இல் ஜட்ஜ் என்ற பெயரில் டாரஸ் என்ற துப்பாக்கி நிறுவனம் கொண்டுவந்த ரிவால்வர் ஐந்து தோட்டா பிடிக்கும்; சிறு ஈயமணிகள் அடைத்த .410 ரவைத் தோட்டாவும் ஒற்றைக் குண்டு வைத்த .45 கோல்ட் தோட்டாவும் அதில் போகும். இரண்டு தோட்டாவின் வெளிக்கூடும் ஏறக்குறைய ஒரே தடிமன் என்பதால்தான் இது நடக்கிறது. ஆனால் போடலாம் என்பது வேறு, வேலைக்கு ஆகும் என்பது வேறு. வயல்காவலுக்கு இது ஆகாது என்பதே என் உறுதியான கருத்து.

முதல் கோளாறு குழலுக்குள் இருக்கும் முறுக்கு வரி. குண்டு சுழன்று நேராகப் போக அந்த வரி வேண்டும். ரவைக்கு அதுவே எமன். ரவை அடைத்த பிளாஸ்டிக் கிண்ணமும் சேர்ந்து சுழல்வதால், வாயைத் தாண்டியதும் ரவை நாலாபுறமும் சிதறி நடுவில் வட்டமாக வெற்றிடம் விழும். மூன்று நான்கு மீட்டர் தாண்டினால் பாம்பு அந்த ஓட்டைக்குள்ளேயே தப்பிவிடும். வரியை எடுத்துவிடலாமே என்றால், அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரியில்லாத குட்டைக் குழல் அரசிடம் தனியாகப் பதிய வேண்டிய ஆயுதமாகிவிடும். வரி இருப்பதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

குண்டுக்கும் நட்டம்தான். இரண்டரை அங்குல ரவைத் தோட்டாவுக்காக, தோட்டா அடைக்கும் உருளையை நீளமாகச் செய்திருக்கிறார்கள். .45 தோட்டாவோ குட்டை. குண்டு ஏறக்குறைய ஒரு அங்குலம் பிடிப்பில்லாமல் பாய்ந்த பிறகே வரியைத் தொடும், குறி தளரும்.

ரவையின் அளவையும் பாருங்கள். இரண்டரை அங்குல .410இல் சிறுரவை 14 கிராம்தான். நம்மூர் ரெட்டைக்குழல் 12 போரில் 30 கிராமுக்கு மேல். பெரிய ரவை என்றால், எல்.ஜி. என்கிற பருமனில் நாலே நாலு மணி. மூன்று அங்குலக் குழலில் மருந்து முழுதாக எரிந்து முடிவதற்குள் ரவை வெளியே வந்துவிடும், வேகமும் போச்சு. அடிபட்ட பன்றி திரும்பி ஆள்மேல் பாய அதுவே போதும்.

பன்றிக்காக ஆசைப்படுகிறவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு வெளியே வந்த பன்றியைச் சுடுவதும் வனத்துறையின் வேலை, லைசென்ஸ்காரருடையது அல்ல.

வெளிநாட்டில் இதைக் கையாள்கிற நம்மாட்களுக்கு: இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கான உருளையில் மூன்று அங்குலத் தோட்டாவைப் போடாதீர்கள். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் சில நேரம் உள்ளே போய்விடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் தீ பீச்சும், மறு கை விரல் அதன் அருகே இருக்கக்கூடாது. ரவை சுட்ட பிறகு வரியில் பிளாஸ்டிக் படியும். குண்டு போடுமுன் துடைத்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதன் மறுதலை. .45 கோல்ட் தோட்டா நீளமான .410 துப்பாக்கியின் அறைக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போகும். குண்டு 11.5 மில்லிமீட்டர், குழல் 10.4. சுட்டால் குழல் பிளந்து கையோடு போகும். இரண்டு வகைத் தோட்டாவையும் ஒரே பையில் போட்டு வைக்கவே வைக்காதீர்கள்.