வெளிநாட்டு மாணவர்களுக்கான 25 சதவீதம்: நம் இடங்களிலிருந்து எடுக்கப்படுவதில்லை

இந்தியக் கல்லூரிகளில் உள்ள இடங்களில் 25 சதவீதத்தை வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள், அந்த அளவுக்கு நம் பிள்ளைகளுக்கு இடம் குறைந்துவிட்டது என்று சில நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். அட்மிஷன் நேரத்தில் இதைப் படிக்கும் பெற்றோர் பயந்துபோவார்கள் என்பதால் இதை மட்டும் தெளிவுபடுத்துகிறேன்.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 25 சதவீதம் என்பது உண்மைதான். ஆனால் அது அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் கூடுதலாக உருவாக்கிக்கொள்ளும் இடம். ஒரு பட்டப்படிப்பில் 60 இடங்கள் இருந்தால் அதிகபட்சம் இன்னும் 15 சேர்க்கலாம். பழைய 60 அப்படியே இருக்கும், இட ஒதுக்கீடும் அதில் வழக்கம்போல நடக்கும். அந்தக் கூடுதல் இடம் காலியாக இருந்தாலும் வெளிநாட்டு மாணவரைத் தவிர வேறு யாருக்கும் தர முடியாது. 25 என்பது உச்சவரம்புதான், கட்டாயம் இல்லை. கட்டட வசதி, ஆசிரியர் எண்ணிக்கையைப் பார்த்து நிறுவனமே முடிவுசெய்ய வேண்டும். (60 பேருக்கான ஆய்வகத்தில் 75 பேர் எப்படி என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அதை அந்தந்தக் கல்லூரியிடம் கேட்கத்தான் வேண்டும்.)

நீங்களே சரிபார்க்கலாம். யுஜிசி இணையதளத்தில் அந்த 2022 வழிகாட்டுதல் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். அதில் 'சூப்பர்நியூமரரி' (அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட கூடுதல் இடம்) என்ற சொல் வரும் பத்தியைப் படியுங்கள். அப்புறம், உங்கள் கல்லூரியின் அட்மிஷன் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை 2022-க்கு முன்னும் பின்னும் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.