நாலு கமராவும் பூட்டின கேற்றும்

போன கிழமை நடந்ததைத் திரும்ப எழுதத் தேவையில்லை. எல்லாரும் பகிர்ந்துவிட்டீர்கள், சிலர் படத்தோடு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வீட்டில் தனியச் செத்து மூன்று நாளாக ஒருவருக்கும் தெரியாமல் கிடந்த ஒரு அம்மாவின் வாசலைப் படம் பிடித்துப் போட எப்படி மனம் வந்ததோ. அதைவிட நோகச் செய்தது கீழே வந்த ஒரு கருத்து: "பிள்ளையள் ஒரு குறையும் வைக்கேல்லை. நாலு கமரா, மாசாமாசம் காசு, பிரிஜ் நிறையச் சாப்பாடு. வயசு வந்திட்டுது, போய்ச் சேர்ந்திட்டா." அதற்கு எத்தனை பேர் விருப்பம் போட்டிருக்கிறீர்கள்!

ஒரு குறையும் வைக்கவில்லையா? அந்த வீட்டில் ஆள் இல்லை. அதுதான் குறை. மற்றதெல்லாம் இருந்தது.

தனிமை என்பது மனக்கவலை, பாட்டுக் கேட்டால் போய்விடும் என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இது பிரஷர், சீனி வருத்தம் போல உடம்பைத் தின்கிற ஒன்று. 2010இல் 148 ஆய்வுகளை, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நல்ல உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக்காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 வீதம் கூட. 2016இல் வந்த இன்னொரு தொகுப்பில், உறவு குறைந்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து 29 வீதமும் பாரிசவாத ஆபத்து 32 வீதமும் கூடுதலாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை உணர்வு இருக்கிறது என்கிறது, ஆண்டுக்கு 871,000க்கு மேற்பட்ட மரணங்களை அதோடு தொடர்புபடுத்துகிறது. "அதெல்லாம் வெள்ளைக்காரன்ர ஆராய்ச்சி" என்று சொல்ல வருகிறவர்கள், உங்கள் பிரஷர்க் குளிசையும் அங்கே ஆராய்ந்து வந்ததுதான் என்பதை நினையுங்கள்.

எங்கள் ஊரில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சமையலறையில் இருந்து தொடங்குகிறேன். "ஒருத்திக்கு என்னத்தைச் சமைக்கிறது" என்று காலையில் பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும். மத்தியானம் சோறும் நேற்றைய பருப்பும். இரவு பாண். வயது போனவருக்கு உடம்பு நிறையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ அம்மாவுக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. பாணிலும் தேத்தண்ணியிலும் எங்கே வரும்? தசை கரைகிறது, கால் தளர்கிறது, கிணற்றடியில் விழுகிறார். சைவச் சாப்பாட்டுக்காரர், கூடவே வருடக்கணக்காக மெற்போமின் என்ற சீனி வருத்தக் குளிசை போடுகிறார் என்றால் பி12 விட்டமின் குறையும் ஆபத்தும் உண்டு. கால் விறைப்பும் மறதியும் வரும். "அம்மாவுக்கு மறதி வந்திட்டுது" என்று எல்லாரும் சொல்வார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்து ஊசி போட்டால் திருத்தக்கூடிய மறதியாகவும் அது இருக்கலாம். அதைக் கவனிக்கப் பக்கத்தில் ஒருவர் இருந்தால்தானே.

அடுத்தது குளிசை. சில சீனி வருத்தக் குளிசைகளைப் போட்டுவிட்டு, பசியில்லை என்று சாப்பிடாமல் படுத்தால் இரத்தத்தில் சீனி விழும். வியர்க்கும், கை நடுங்கும், கதை குழறும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தால் போதும். ஆனால் அந்த நேரத்தில் மூளையே குழம்பியிருக்கும். சீனிப் போத்தல் எதிரில் இருந்தாலும் எடுக்கத் தோன்றாது. கரைத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். கமரா கரைத்துக் கொடுக்காது.

பாரிசவாதம் இன்னும் கொடியது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, வருத்தம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி, "கடைசியா நல்லா இருந்ததை ஆர், எத்தினை மணிக்குக் கண்டது?" தனிய இருக்கிறவருக்கு இந்தக் கேள்விக்கு விடையே இல்லை. முதல்நாள் பின்னேரம் கண்டதென்றால் நேரம் அப்போதே முடிந்துவிட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு ஃபோன் எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் எடுக்க ஒரு ஆள் வேண்டும். உள்ளே பூட்டின கேற்றைத் திறக்கவும் ஒரு ஆள் வேண்டும்.

விழுந்துவிட்டால்? எலும்பு முறியாவிட்டாலும், எழும்ப முடியாமல் சிமெந்து நிலத்தில் மணித்தியாலக் கணக்கில் கிடந்தால் தசை நசிந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். தண்ணீர் இல்லை, தோல் புண்ணாகும், சளி நெஞ்சில் இறங்கும். வழுக்கி விழுந்ததைவிட, விழுந்தபின் கிடந்த நேரம்தான் பலரைக் கொண்டுபோகிறது.

கமராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொருத்துகிற இடம் கேற், முன் விறாந்தை, காராஜ், பின்கதவு. எல்லாம் கள்ளனுக்காக. விழுகிறது குளியலறையில், கிணற்றடியில், கட்டிலுக்குப் பக்கத்தில். பூனை ஓடினாலும் வாழையிலை ஆடினாலும் ஃபோனில் அறிவிப்பு வரும். இரண்டாம் கிழமையே சத்தத்தை நிறுத்தி விடுவார்கள். கரண்ட் போனால் ரவுற்றரும் போகும். ரொறன்ரோவில் காலை எட்டு என்றால் கோடைகாலத்தில் இங்கே பின்னேரம் ஐந்தரை. அவர்கள் வேலைக்கு ஓடுகிற நேரம்.

பிள்ளைகளைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வேலை, விசாச் சிக்கல், வீட்டுக் கடன் எல்லாம் தெரியும். கடன்பட்டு அவர்களை அனுப்பி வைத்ததும் இந்த அம்மாக்கள்தான். அங்கேயிருந்து செய்யக்கூடியது இருக்கிறது. ஒருநாளைக்கு இரண்டு தடவை, ஒரே நேரத்துக்கு, ஐந்து நிமிடம் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் கதைக்கிறதைவிட அது பெறுமதி. "சாப்பிட்டீங்களோ" என்று கேட்காதீர்கள், "ஓம்" என்றுதான் பதில் வரும். "என்ன கறி வைச்சனீங்கள், இண்டைக்கு ஆர் வந்தது" என்று கேளுங்கள். கிளினிக்கில் தந்த குளிசையில் எத்தனை மிச்சம் என்று கேளுங்கள். முப்பது நாளுக்குத் தந்ததில் இருபதாம் நாள் இருபது மிச்சம் என்றால் விளங்கவேண்டும். திடீரென்று ஃபோனில் கதைக்க விருப்பமில்லை என்றால் முதலில் காதைக் காட்டச் சொல்லுங்கள். காதுக் குடுமி, அதாவது காதழுக்கு, அடைத்திருந்தாலும் அப்படித்தான். காது கேளாமை, கண் தெரியாமை, ஆட்களோடு சேராமை மூன்றையும் மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்களாக 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு வைத்திருக்கிறது.

கணக்காகத் தெரிய வேண்டுமா? ஒருவருக்கு எவ்வளவு ஆள் துணை இருக்கிறது என்று அளக்க மருத்துவர்கள் பாவிக்கிற ஆறு கேள்வி இருக்கிறது. மாதம் ஒருமுறையாவது காண்கிற அல்லது கதைக்கிற சொந்தக்காரர் எத்தனை பேர், அந்தரங்கம் கதைக்கக்கூடியவர் எத்தனை, உதவிக்குக் கூப்பிடக்கூடியவர் எத்தனை. இதே மூன்றும் சிநேகிதரைப் பற்றியும். ஒருவரும் இல்லையென்றால் 0, ஒன்பதோ அதற்கு மேலோ என்றால் 5. மொத்தம் முப்பது. 12க்குக் குறைந்தால் ஆபத்து. உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

"அவ தனிய இருக்கத்தான் விரும்பினவ" என்று ஒருவர் எழுதியிருந்தார். தனிய இருக்க விரும்புவது வேறு, கேட்க ஒருவரும் இல்லாமல் போவது வேறு. கிளினிக் நாளில் போய்ப் பாருங்கள். எட்டு மணிக்குத் தொடங்குகிற கிளினிக்குக்கு ஐந்தரைக்கே வந்து வாங்கில் இருப்பார்கள். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து அம்மாவிடம் முழங்கால் நோவில் தொடங்கி மருமகள்வரை கதை. நம்பர் கூப்பிட்டால் எழும்ப மனமில்லை. மாதத்தில் அந்த ஒரு காலைதான் அவர்களுக்கு ஆள்.

"அப்ப முதியோர் இல்லத்தில விடச் சொல்லுறீங்களோ?" இல்லை. கைதடி முதியோர் இல்லத்தில் இருக்கிறவர்களும் மனிசர்தான், அங்கே இருப்பது மானக்கேடும் இல்லை. ஆனால் நான் கேட்பது அதுவல்ல.

நான் கேட்பது அயலை. முன்னம் பனையோலை வேலி இருந்தது, அதில் ஆள் நுழையிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. கறிவேப்பிலைக்கும் நெருப்புக்கும் அந்தப் பொட்டால் ஆள் போய்வரும். காலையில் அடுப்புப் புகை வரவில்லை என்றால் "என்ன மாமி, சுகமில்லையோ" என்று ஒரு தலை எட்டிப் பார்க்கும். இப்போது ஆறடி மதில். கள்ளர் பயம் பொய்யில்லை, தனிய இருக்கிற வீடு பார்த்துத்தான் வருகிறார்கள். மதிலை இடிக்கச் சொல்லவில்லை. கேற்றுத் திறப்பு ஒன்றை நம்பிக்கையான அயல் வீட்டில் கொடுத்து வையுங்கள். காலை ஏழு மணிக்குள் முன் லைற்றை நிற்பாட்டுவது என்று பேசி வையுங்கள். ஏழரைக்கும் எரிந்தால் போய்த் தட்ட வேண்டும். பேப்பர் கேற்றில் இரண்டு நாள் கிடந்தால் போடுகிற தம்பி சத்தம் போட வேண்டும். ஃபோனில் முதல் இலக்கமாகப் பிள்ளையின் கனடா இலக்கம் அல்ல, பக்கத்து வீட்டு இலக்கம் இருக்க வேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அந்த வீட்டுக் கேற்றில் மூன்று பேப்பர் கிடந்ததாம். மூன்று! அந்த ஒழுங்கையால் எத்தனை மோட்டார் சைக்கிள் போயிருக்கும்?

இன்னொன்று, இதை எழுதாமல் விட மனமில்லை. புருஷன் செத்த அன்றிலிருந்து அந்த அம்மாவை நாங்கள்தான் ஒதுக்கினோம். ஆலாத்தி எடுக்கக் கூப்பிடவில்லை. பொன்னுருக்கலுக்கு முன்னுக்கு வரவேண்டாம் என்றோம். பேத்தியின் சாமத்திய வீட்டில் பின்வரிசைக் கதிரை. அவவாகவே வராமல் விட்டா, நாங்கள் "அவ ஒரு இடமும் வாறேல்லை" என்றோம். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் நடந்த இடப்பெயர்வில் மற்றவர் பிள்ளையை இடுப்பில் சுமந்து நடந்த தலைமுறை அது. அந்தக் கையால் ஒரு பூத்தட்டு வாங்க எங்களுக்குப் பயம்.

இனி அந்தியேட்டி வரும். பந்தல் போடுவார்கள், முந்நூறு பேருக்கு இலை விழும், கல்வெட்டு என்று நினைவுப் புத்தகம் அடிப்பார்கள். ஒரு வருடமாக ஒருவரும் தேத்தண்ணி குடிக்காத விறாந்தையில் கதிரை போதாமல் போகும். அங்கே போகிறவர்கள் சாப்பிட்டு முடித்து வருகிற வழியில் அடுத்த ஒழுங்கையிலும் ஒருக்கால் நில்லுங்கள். அங்கேயும் ஒரு அம்மா தனியத்தான் இருக்கிறா. அவவின் கேற்றுத் திறப்பு இப்போது யாரிடமும் இல்லை.