மேரிக்கு வயது 128

பெரியப்பா: யாருடா அந்த மேரி லாங்? காலையிலிருந்து உன் ரூமில் ஒருத்தன் அவள் பேரையே சொல்லி அலறிக்கொண்டிருக்கிறானே!

சிவா: டீப் பர்பிள் என்கிற இங்கிலாந்து ராக் குழுவின் பாட்டு பெரியப்பா. 1973-இல் வந்த 'ஹூ டூ வி திங்க் வி ஆர்' ஆல்பம். பாடுவது இயன் கில்லன்.

பெரியப்பா: அவனை விடு. பெண் யார்?

சிவா: பெண் பாதிதான். மீதி ஒரு பிரபு.

பெரியப்பா: எந்தப் பிரபு? எதிர் வீட்டுப் பையனா?

சிவா: இங்கிலாந்து பிரபு. மேரி வைட்ஹவுஸ் என்கிற அம்மாவையும் லாங்ஃபோர்டு பிரபுவையும் ஒட்டி ஒரே ஆளாக்கிவிட்டார்கள்.

பெரியப்பா: மழுப்பாதே. வயசு என்ன?

சிவா: 1972 அக்டோபரில், ஜெர்மனியில் ரெக்கார்டிங் நடந்தபோது அம்மாவுக்கு 62, பிரபுவுக்கு 66. கூட்டிக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: வேலை?

சிவா: அம்மா முதலில் டீச்சர். அப்புறம் டிவி நிகழ்ச்சிகள் மேல் புகார் எழுதுவதே வேலை. 1965-இல் அதற்கென்று ஒரு சங்கமே ஆரம்பித்தார்.

பெரியப்பா: நல்ல குடும்பத்துப் பெண்ணாகத்தான் தெரிகிறது. பிள்ளை குட்டி?

சிவா: பிரபுவுக்கு மட்டும் எட்டு.

பெரியப்பா: அடப்பாவி! எட்டுப் பெற்றவளையா...

சிவா: அது ஆம்பளைப் பாதி பெரியப்பா. ஆபாசத்தை ஒழிக்கிறேன் என்று குழு போட்டார். 1971-இல் ஆராய்ச்சிக்காக கோபன்ஹேகன் போய், அந்த மாதிரி கிளப்புகளைப் பார்த்து, பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

பெரியப்பா: அதிலும் பாதியா!

சிவா: பத்திரிகைகள் அவருக்கு 'ஆபாசப் பிரபு' என்றே பேர் வைத்துவிட்டன.

பெரியப்பா: பாவம். பார்க்காமல் எப்படிடா கண்டிக்க முடியும்?

சிவா: உங்களால் முடிந்ததே. போன வாரம் அசோசியேஷனுக்குக் கொடுத்த லெட்டரில் 'அருவருப்பான வரிகள்' என்று எழுதியிருந்தீர்கள். எந்த வரி?

பெரியப்பா: எனக்கு இங்கிலீஷ் பாட்டு எங்கே புரிகிறது? அந்த டிரம்ஸ் அடியிலேயே தெரியவில்லையா?

சிவா: பிரபுவாவது கடல் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். இங்கே டிரெய்லர் வருவதற்குள் மனசு புண்பட்டு, போஸ்டர் ஒட்டுவதற்குள் தடை கேட்டாகிறது.

பெரியப்பா: சரி சரி. அந்த அம்மா எதையாவது நிறுத்தினாரா?

சிவா: 1972-இல் ஆலிஸ் கூப்பர் பாட்டு ஒன்றை எதிர்த்துக் கொடி பிடித்தார். பாட்டு இங்கிலாந்தில் முதல் இடத்துக்குப் போனது. கூப்பர் அவருக்குப் பூங்கொத்து அனுப்பிவைத்தார்.

பெரியப்பா: ஆலிஸா? இவள் வேறு யாருடா?

சிவா: ஆம்பளை.

பெரியப்பா: முழுசாகவா?

சிவா: முழுசாக.

பெரியப்பா: அப்போ அந்த மேரி இப்போது எங்கே?

சிவா: ரெண்டு பாதியும் 2001-லேயே போய்ச் சேர்ந்தாயிற்று.

பெரியப்பா: (கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே) சங்கத்தில் அந்தப் பதவி காலியாகத்தான் இருக்குமா?