கப்பலில் கக்கூஸ் கழுவியவன் எழுதுகிறேன்

ஒரு வாரமாக எல்லா குரூப்பிலும் அந்த வீடியோதான் சுற்றுகிறது. எங்கள் மலையகத்துப் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் பேசியவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். "ஒழுங்காப் படிக்கலேன்னா கப்பல்ல போயி வெள்ளக்காரனுக்குக் கக்கூஸ் கழுவணும், சரியா?" என்று மைக்கில் கேட்கிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மேடையில் இருப்பவர் சிரித்தால் அவர்களும் சிரிப்பார்கள். ஆனால் முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்கள் கைதட்டினார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கைதட்டியவர்களில் இரண்டு பேர் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடைப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, நான் கொடுத்த காசையும் வாங்கிக்கொண்டு போனவர்கள்.

என் தங்கச்சி அதே மண்டபத்தில் ஆசிரியர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பத்தனை கல்வியியற் கல்லூரியில் அவள் படித்த காலத்தில் போக வர, உடுப்புக்கு, புத்தகத்துக்கு என்று வீட்டுக்கு வந்த காசு நான் கப்பலில் கக்கூஸ் கழுவி அனுப்பிய காசு. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் யாருடைய போனிலோ பார்த்துவிட்டு வந்து, "ஒன்னத்தான் சொல்றாங்களாப்பா?" என்று கேட்டார்.

ஆமாம், என்னைத்தான். உல்லாசப் பயணக் கப்பலில் கழுவினேன். அதை மறைத்து யாரிடமும் பேசியதில்லை, இப்போதும் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த வேலை என்னவென்று தெரியாமல் மைக்கைப் பிடித்தவருக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில், எவரும் எழுந்து போய்க் கப்பலில் ஏறிவிட முடியாது. கடவுச்சீட்டு, சீ.டி.சி. என்கிற கடலோடிப் புத்தகம், மெடிக்கல், அமெரிக்கா பக்கம் போகிற கப்பலென்றால் அதற்குத் தனி விசா, இதற்கெல்லாம் மேலே அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. கடலைத் தூரத்தில் இருந்துகூட ஒழுங்காகப் பார்க்காத, நீச்சல் தெரியாத தோட்டத்துப் பையன் லைஃப் ஜாக்கெட்டோடு உயரத்தில் இருந்து தண்ணீரில் குதிக்க வேண்டும். கவிழ்ந்து கிடக்கிற ரப்பர் படகின் மேல் ஏறி, அதன் அடிப்பட்டியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, படகைத் தன் தலைக்கு மேலே திருப்பிப் போட வேண்டும். படகு முகத்தின் மேல் வந்து விழுந்து, ஒரு நொடி எல்லாம் இருட்டாகி, வாயில் தண்ணீர் போகும். தீயணைப்பு, முதலுதவி எல்லாம் அந்தப் பயிற்சியில் உண்டு. ஏன் தெரியுமா? கப்பலில் ஏழு குட்டை ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போய் ஜாக்கெட் மாட்டிவிடுவது அந்தக் கக்கூஸ் கழுவுகிறவனும் தட்டுக் கழுவுகிறவனும்தான். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கொன்கோர்டியா என்ற பயணிகள் கப்பல் சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதில் கப்பல் ஊழியர்களும் இருந்தார்கள். ஒரு இந்தியப் பணியாளரின் உடல் 2014 நவம்பரில்தான் கிடைத்தது. அவருடைய வீட்டிலும் ஒரு அம்மா இருந்திருப்பார்.

நான் கேலியில், அதாவது கப்பல் சமையற்கட்டில், பாத்திரம் கழுவுகிற ஆளாகத் தொடங்கி அப்புறம் கேபின் பக்கம் மாறியவன். கழுவுவது, அலசுவது, கிருமி நீக்குவது என்று மூன்று தொட்டி. மருந்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அமெரிக்கத் துறைமுகத்தில் சுகாதார அதிகாரிகள் சொல்லாமல் ஏறுவார்கள். நூற்றுக்கு 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் கப்பல் ஃபெயில். வயிற்றுப்போக்குக் கிருமி ஒன்று பரவினால் நூற்றுக்கணக்கானவர்கள் படுத்துவிடுவார்கள். அதைத் தடுத்து நிறுத்துகிற ஆள் கேப்டன் இல்லை, கையுறை போட்டுக்கொண்டு கக்கூஸ் கைப்பிடியைத் துடைக்கிறவன். இதையா கேவலம் என்கிறீர்கள்?

கேபின் வேலை என்றால் ஒரு ஆளுக்குப் பதினெட்டு இருபது அறை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மெத்தையைத் தூக்கி விரிப்பை இழுத்துச் சொருகும்போது விரல்நுனி வெடிக்கும், அந்த வெடிப்பில் பிளீச்சிங் பட்டால் உயிர் போகும். குளியலறையில் ஒரு தலைமுடி கிடக்கக்கூடாது. அப்புறம் துண்டை மடித்து யானை, குரங்கு என்று செய்து கட்டிலில் வைக்க வேண்டும், பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள். பயணிகள் இறங்கி ஏறுகிற நாளில் காலையில் ஒரு கூட்டம் இறங்கும், மத்தியானம் அடுத்த கூட்டம் வந்துவிடும். இடையில் கிடைக்கிற சில மணித்தியாலத்தில் எல்லா அறையும் புது அறை ஆகவேண்டும். அன்றைக்குச் சாப்பாடு நின்றபடிதான். ஞாயிறு கிடையாது, பௌர்ணமிக்கு வருகிற போயா லீவு கிடையாது, தீபாவளி கிடையாது. கன்ட்ராக்ட் முடிகிறவரை, ஆறு மாதமோ ஒன்பது மாதமோ, ஒரு நாள்கூட முழு லீவு கிடையாது.

படுக்க இடம் கீழே, இரண்டு பேருக்கு ஒரு கேபின், மேலும் கீழும் இரண்டு பங்க் கட்டில், அதற்கு ஒரு திரை. ஜன்னல் இல்லை. அந்தத் திரைக்கு உள்ளே இருப்பது மட்டும்தான் நமக்கென்று உள்ள இடம், அங்கேதான் அழுகை, அங்கேதான் போன் பேச்சு. பனியும் வெயிலும் பார்த்து வளர்ந்தவனுக்கு வெளியே பகலா இரவா என்றே தெரியாமல் வேலை முடிந்து வந்து படுப்பது என்னவென்று அனுபவித்தால்தான் புரியும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2006இல் செய்து 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது. இருபத்துநாலு மணித்தியாலத்தில் குறைந்தது பத்து மணித்தியால ஓய்வு, வாரத்துக்கு 77 மணித்தியால ஓய்வு என்கிறது. அப்படியானால் மிச்ச நேரம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் முதலாளி ஒரு நாட்டுக்காரர், கப்பலில் பறக்கிற கொடி பஹாமாஸோ பனாமாவோ, வேலை செய்கிறவன் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, இலங்கை. 2024இல் வந்த ஐகான் ஆஃப் த சீஸ் என்ற கப்பலில் மட்டும் 2,350 ஊழியர்கள். எத்தனையோ தோட்டத்துச் சனத்தை விடக் கூட.

இப்போது வரும், "அவர் படிப்புதான் முக்கியம்னு சொல்ல வந்தார், நீங்க ஏன் சேர் கோவிக்கிறீங்க" என்று. ஏற்கெனவே இன்பாக்ஸில் வந்துவிட்டது. படிப்பு முக்கியம் என்பதை எனக்கா சொல்லித் தருகிறீர்கள்? தங்கச்சியைப் படிக்க வைத்தவனுக்கா? படிப்பு முக்கியம் என்று சொல்ல ஒரு வேலையைக் காறித் துப்பத் தேவையில்லை. பேசியவருடைய தாத்தா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர், பாட்டி கொழுந்து பறித்தவர், இந்த ஊரில் யாருக்கும் தெரியாத கதை இல்லை. "ஒழுங்காப் படிக்கலேன்னா ஒங்கம்மா மாதிரிக் கொழுந்து பறிக்கணும்" என்று அதே மேடையில் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வர முடியுமா அவரால்? முடியாது. அங்கே வாக்கு இருக்கிறது, தொழிற்சங்கம் இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் இல்லை, அதனால் எங்களைச் சொல்லலாம்.

கப்பல் என்பது நம் சனத்துக்குப் புதிதா? 1823இல் இருந்து இந்தியாவில் இருந்து வள்ளத்திலும் கப்பலிலும் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் நாம். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு நம்மைப் பங்கு பிரித்த பிறகு, ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்த ரயிலில் தலைமன்னார் வரை அழுதுகொண்டே போய் இராமானுஜம் கப்பலில் ஏறியவர்களில் என் அப்பாவின் அக்காவும் ஒருத்தி. அத்தையை அதற்குப் பிறகு அப்பா பார்க்கவே இல்லை. அப்போதெல்லாம் நம்மை ஏற்றினார்கள், இறக்கினார்கள். இப்போது நம் பையன்கள் தாங்களாகப் படித்து, பயிற்சி எடுத்து, தங்கள் பெயரில் கன்ட்ராக்ட் போட்டு ஏறுகிறார்கள். அந்த வித்தியாசம் ஒரு படித்த மனிதருக்குத் தெரிய வேண்டாமா?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலை சரிந்தபோது மேடையில் பேசியவர் எங்கே இருந்தார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பையன்கள் என்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். சித்தப்பா மகன் அப்போது கரீபியன் பக்கம் ஒரு கப்பலில். இங்கே கரண்ட் இல்லை, டவர் இல்லை, ரோடு இல்லை. நாட்கணக்கில் வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே அவனுக்குத் தெரியாது. லீவு கேட்டிருக்கிறான். குடும்பத்தில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் கெட்டவர் என்று அவனே சொல்லவில்லை, படிவத்தில் அந்தக் கேள்விதான் இருந்ததாம். தெரியாது என்று சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, போய் "குட் மார்னிங்" சொல்லி அறை கூட்டியிருக்கிறான். கப்பலில் சிரிக்காமல் இருக்க முடியாது, சிரிப்பும் வேலைதான், கெஸ்ட் போடுகிற மார்க் அதில்தான் இருக்கிறது. லைன் கிடைத்து, சித்தி குரலைக் கேட்ட அன்றைக்கே அவனும் மற்றப் பையன்களும் அவர்களுடைய குரூப்பில் காசு சேர்த்து அனுப்பினார்கள். பாய், பால்மா, அரிசி, பிள்ளைகளுக்கு உடுப்பு, பெண்களுக்குத் தேவையான சாமான் எல்லாம் அந்தக் காசில்தான் வாங்கினோம். எந்த இடத்தில் கொண்டுபோய் இறக்கினோம் தெரியுமா? தோட்டத்து வரிசை வீடான லயம் சரியும் என்று எழுப்பிக் கொண்டுவந்து சனத்தைப் படுக்க வைத்திருந்த அந்தப் பாடசாலை மண்டபத்தில். அவர் மைக்கைப் பிடித்த அதே மண்டபம்.

எங்கள் காசு இனிக்கிறது, எங்கள் வேலை நாறுகிறதா? திரும்பத் திரும்ப இதையே கேட்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. கும்பாபிஷேகத்துக்கு எங்கள் காசு, பாடசாலை பேண்ட் வாத்தியத்துக்கு எங்கள் காசு, டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் பாய்ந்த 2022இல் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது எங்கள் காசில்! மேடையில் மட்டும் நாங்கள் கக்கூஸ் கழுவுகிறவர்கள்.

"கப்பலுக்குப் போன பையன்கள் குடிச்சுக் கெட்டுப்போறாங்க, வந்து பைக்ல பறக்குறாங்க" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். சில பேர் அப்படித்தான், இல்லை என்று சொல்லவில்லை. தோட்டத்தில் இருப்பவர்கள் குடிப்பதே இல்லையா? விடுங்கள். "கஷ்டம்னா ஏன் போறீங்க" என்று இன்னொருவர். ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்கு நம் சனம் எத்தனை வருஷம் ரோட்டில் நின்றது, 2021இல் தான் கிடைத்தது, அதுவும் பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்த வீட்டில் பிறந்தவனைப் பார்த்து ஏன் போகிறாய் என்று கேட்க எப்படி மனசு வருகிறது?

ஒரு கெஸ்ட் பற்றிச் சொல்ல வேண்டும். வயசான அம்மா, ஸ்கொட்லாந்து. என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் நாட்டின் பெயரும் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு, நுவரெலியா வந்திருக்கிறேன் என்று போனில் போட்டோ காட்டினார். கூடையோடு நிற்கிற பெண்கள். இந்த வேலைதான் என் அம்மா செய்கிறார் என்றேன். அந்த அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு என் அம்மாவின் பெயரைக் கேட்டார். கடைசி நாள் டிப்ஸ் கவரில் என் பெயர் எழுதவில்லை, அம்மாவின் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார். யாரென்றே தெரியாத ஒரு பெண் அவ்வளவு மரியாதை கொடுத்தாள். நம் ஊர்க்காரர், நம் சொந்தம், நம் பாஷை பேசுகிறவர் மேடையில் நின்று இப்படிப் பேசுகிறார்.

கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், எம்.எஸ்.சி. மாக்னிஃபிகா என்ற உல்லாசக் கப்பல் கொழும்புக்கு வந்தபோது அதில் இருந்த இலங்கை ஊழியர் ஒருவர் என்னை இறக்குங்கள் என்று வீடியோ போட்டு, கடற்படை போய்க் கூட்டி வந்தது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு எல்லோரும் பகிர்ந்தீர்கள், பாவம் என்றீர்கள். பயணிகள் வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் ஊழியர்கள் கப்பல்களிலேயே கிடந்தார்கள், அந்தக் கதையை யாரும் பகிரவில்லை.

உண்மையாகவே பிள்ளைகள் மேல் அக்கறை இருந்தால் மேடையில் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது. வேலை வாங்கித் தருகிறேன் என்று கடலோடியிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக்கூடாது. மேலே சொன்ன அதே உடன்படிக்கை சொல்கிறது. கடவுச்சீட்டு, கடலோடிப் புத்தகம், மெடிக்கல் செலவு நீங்கலாக வேறு எதற்கும் வேலை தேடித் தருகிறவர் காசு கேட்க முடியாது, விசாச் செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது. ஆனால் நம் ஊர்களில் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள், அம்மாமார் தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுக்கிறார்கள், பையன் முதல் கன்ட்ராக்ட் முழுக்க வட்டிக்கு உழைக்கிறான். வாங்குகிறவர்களில் சிலர் இதே மாதிரி விழாக்களில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுங்களேன் பார்ப்போம்.

பாடசாலை அதிபர் சேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஓஎல், ஏஎல் வகுப்புப் பிள்ளைகளிடம் பேச எனக்கு ஒரு பாடவேளை கொடுங்கள். கன்ட்ராக்ட் பேப்பரைக் கொண்டுவந்து ஒவ்வொரு வரியாகக் காட்டுகிறேன், போகச் சொல்லவும் மாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன். நேற்று ராத்திரி மூன்றரை லட்சம் கேட்கிறார்கள் அண்ணே என்று எழுதிய பொகவந்தலாவைத் தம்பி, காசு இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. இன்பாக்ஸில் நம்பர் போட்டிருக்கிறேன், இன்றைக்கு எட்டு மணிக்கு மேல் கூப்பிடு, அவர்கள் கொடுத்த பேப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொள்.