பத்து நாளைக்குப் பால் வேண்டாம்

போன பொங்கலுக்கு எங்கள் அபார்ட்மெண்ட் குரூப்பில் ஒரு மாமி எழுதியிருந்தார்: "நாளையிலிருந்து பத்து நாள் ஊரில் இருக்க மாட்டோம், பால்காரர் வந்தால் யாராவது சொல்லிவிடுங்கள்." மனசுக்குள் என்னவோ உறுத்த, இந்தக் குரூப்பில் யார்தான் இருக்கிறார்கள் என்று பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். 186 பேர். வீடுகளோ 60தான். எப்போதோ காலி செய்துவிட்டுப் போனவர்கள், இரண்டு வீட்டு புரோக்கர்கள், ஒரு ஏசி மெக்கானிக், அப்புறம் பெயரும் படமும் இல்லாத பத்துப் பதினைந்து நம்பர்கள். அட்மினைக் கேட்டால், "வாட்ஸ்அப்புல எல்லாமே என்கிரிப்ட் ஆகுதே சார்" என்கிறார்.

ஆகிறதுதான், இல்லை என்று யார் சொன்னது? 2016 ஏப்ரலிலிருந்தே குரூப் செய்திகளும் மறையாக்கம் ஆகித்தான், அதாவது பூட்டுப் போட்ட எழுத்தாகத்தான் போகின்றன, நடுவில் கம்பெனிக்காரர்களே படிக்க முடியாது. ஆனால் அந்தக் காவல் வழியில்தான். போய்ச் சேர்ந்த பிறகு 186 போனிலும் அது வெறும் எழுத்து, யார் வேண்டுமானாலும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். (டெலிகிராம் இன்னும் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு: அங்கே குரூப்புகளுக்கு இந்த மறையாக்கமே கிடையாது, இரண்டு பேர் பேசும் சீக்ரெட் சாட்டுக்கு மட்டும்தான்.)

2025 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஏமன் மீதான தாக்குதலைப் பற்றிப் பேச, பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ் சிக்னல் என்ற செயலியில் ஒரு குரூப் தொடங்குகிறார். துணை அதிபரே அதில் இருக்கிறார். கூடவே 'தி அட்லாண்டிக்' பத்திரிகை ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க்கையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். பாதுகாப்பு அமைச்சர் தாக்குதல் நேரம் முதற்கொண்டு போடப் போட, அந்த மனிதர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அந்தக் குரூப்பில் இருந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை, ஒருவர்கூடப் பட்டியலைப் பார்க்கவில்லை!

எங்கள் கதை அதைவிட மோசம். குரூப்பில் சேரும் லிங்க் க்யூஆர் கோடாக லிஃப்ட் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது, கூரியர் பையன்கூட ஸ்கேன் செய்து உள்ளே வரலாம். லிங்க்கை மாற்றுங்கள் என்றேன். "அப்புறம் எல்லாரையும் திரும்பச் சேர்க்கணுமே" என்றார் அட்மின். வேண்டாம் ஐயா, ரீசெட் கொடுத்தால் பழைய லிங்க்தான் செத்துப்போகும், இருப்பவர்கள் அப்படியே இருப்பார்கள் என்று விளக்கினேன். பார்க்கலாம் என்றார்.

நேற்று செயலாளர் குரூப்பில் ஒரு எக்செல் போட்டிருக்கிறார். வீட்டு எண், பெயர், போன், வண்டி நம்பர், எல்லாம் இருக்கிறது. "தவறு இருந்தால் இங்கேயே திருத்திச் சொல்லவும்."

காலையிலிருந்து 34 பேர் திருத்திவிட்டார்கள்.