எழுத்தை எழுத்தாகப் போடுங்கள்

வெப்சைட்டும் அப்பும் கண் தெரியாதவர்களுக்கு வேலை செய்கிறதா என்று சோதித்து, எங்கே பிழை, எப்படித் திருத்தலாம் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். எனக்கும் கண் தெரியாது. களுவாஞ்சிகுடியில் வீட்டிலிருந்தே செய்கிறேன், பத்து வருடத்துக்கு மேலாகிறது. திரையில் உள்ளதை எனக்கு வாசித்துச் சொல்வது என்விடிஏ என்ற மென்பொருள். 2006இல் அதை எழுதத் தொடங்கிய மைக்கேல் கரன் அவுஸ்திரேலியாக்காரர், பார்வையற்றவர். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டேயும் அப்படியே. இன்றைக்கும் அது இலவசம். எங்களுக்கு என்ன தேவை என்று எங்களை விட யாருக்குத் தெரியும்?

ஆனால் அந்த மென்பொருளும் பாமினி என்ற தமிழ் எழுத்துருவிடம் தோற்றுப் போகிறது. போன மாதம் ஒரு அலுவலகத்தின் வேலை அறிவித்தல் பிடிஎப்பாக வந்தது. திறந்தால் ஒரே இரைச்சல். ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக் கேட்டேன்: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். "தமிழ்" என்ற சொல்தான் அது! பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். அந்த அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். "எங்களுக்கு வடிவா விளங்குதே அண்ணன்" என்றான் அங்கிருந்த தம்பி. நல்ல பிள்ளை, உடனே வட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினான். படத்தில் மென்பொருள் வாசிக்க எழுத்தே இல்லையே! மறுகா போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து, உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கிற யுனிகோட்டுக்கு மாற்ற வைத்தேன், அரை மணித்தியாலம் போனது. அடுத்த அறிவித்தலை அவனே யுனிகோட்டில் அனுப்பினான். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோசம்.

படத்தையும் வாசிக்கிற அப் இப்போது இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் பாவிக்கிறேன். ஆனால் தமிழில் அது ஒரு திகதியை, ஒரு தொகையைப் பிழையாகச் சொன்னால் பிடிப்பதற்கு எனக்கு வேறு வழியில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐநா சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தகவல் எங்களுக்கும் எட்ட வேண்டும் என்பது அதன் 9ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. அறிவித்தல் போடுகிறவர்கள் இதை ஒருவர் கேட்டால் செய்கிற உதவியாக நினைக்காதீர்கள். போடுவதற்கு முதல் எங்களில் ஒருவரை அழைத்து, சம்பளம் கொடுத்து, சோதிக்கச் சொல்லுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் மழை விடாமல் பெய்யும்போது உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறக்கிற செய்தி ஊர்க் குறூப்பெல்லாம் படமாகத்தான் சுற்றுகிறது. என் போன் அதை "இமேஜ்" என்று மட்டும் சொல்கிறது. எத்தனை கதவு, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்து ஆட்கள் எழும்ப வேண்டும்? பகிர்கிறவர்கள் படத்துக்குக் கீழே இதை இரண்டு வரியில் டைப் பண்ணிவிடுங்கள்.